ஹிரோஷிகேவைக் காற்றில் பறந்த தொப்பியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இதுதான்: டோக்கியோவுக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 6. ஜப்பானின் பழைய நிலக்காட்சி ஓவியர் ஒருவரையாவது பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஹிரோஷிகே கண்காட்சிக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் மகன் தரையில் உட்கார்ந்துவிட்டான், மகள் 'எல்லாம் மலையும் மரமும்தானே' என்றாள். மலையும் மரமும் குழந்தைகளுக்கு ஏறுமா, ஏறும் என்றால் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏறும். நான் டோக்கியோவில் பல வருடங்களாகச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். நானும் முதல் தடவை இதே மாதிரிதான் செய்தேன். ஹிரோஷிகே பிறந்த வருடம், குருவின் பெயர், அவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்பதையெல்லாம் முதலில் சொல்லிவிட்டுப் படத்தைக் காட்டினேன். பிள்ளைகள் கண்ணில் ஒன்றுமே இல்லை. அடுத்த வாரம் எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு படத்தைத் தரையில் விரித்து வைத்தேன். வகுப்பு முடிகிற வரை அதை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை.

இந்தப் படங்கள் சுவரில் மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. மரக்கட்டையில் செதுக்கி, காகிதத்தில் அச்சடித்து, கடையில் அடுக்கி விற்ற தாள்கள் இவை. ஒரு தாள் சுமார் 39 சென்டிமீட்டருக்கு 26 சென்டிமீட்டர். விலை, ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் சாப்பிடுகிற காசுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கையில் பிடித்துப் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தார்கள். மியூசியத்தில் அதே தாள் கண்ணாடிக்குப் பின்னால், பெரியவர்களின் கண் உயரத்தில், மங்கலான வெளிச்சத்தில் தொங்குகிறது. வெளிச்சம் பட்டால் சாயம் வெளிறிவிடும் என்பதால் அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆறு வயதுப் பையனுக்கு அங்கே என்ன தெரியும்? அதனால் மியூசியத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பெரிய மியூசியங்களும் ஜப்பானின் நாடாளுமன்ற நூலகமான தேசிய டயட் நூலகமும் இந்தப் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. கன்வீனியன்ஸ் ஸ்டோர் பிரிண்டரில் ஏ3 தாளில் கலரில் எடுத்தால் அசலின் அளவுக்கே கிட்டத்தட்ட வந்துவிடும். அதை மடியில் வைத்துப் பாருங்கள்.

முதல் படமாக யொக்காய்ச்சியை எடுங்கள். எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, கியோத்தோ வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீளும் தோக்காய்தோ நெடுஞ்சாலையில் 53 தங்கல் ஊர்கள் இருந்தன. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு படம், புறப்படும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் ஒவ்வொன்று என்று மொத்தம் 55 படங்களை 1833, 1834 வாக்கில் ஹிரோஷிகே வெளியிட்டார். யொக்காய்ச்சி அதில் ஒன்று. ஆற்றோரச் சதுப்பு நிலம். பலத்த காற்று. வில்லோ மரத்தின் கிளைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. ஒருவருடைய தொப்பி பறந்துவிட்டது. வட்டத் தொப்பி, சக்கரம் மாதிரி உருண்டு ஓடுகிறது. அவர் கையை நீட்டிக்கொண்டு, விழாத குறையாக அதன் பின்னால் ஓடுகிறார். இன்னொருவர் சின்னப் பாலத்தின் மேல் நிற்கிறார், அவருடைய மேலாடை காற்றில் புடைத்துப் பறக்கிறது.

இதைக் காட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தொப்பி கிடைக்குமா, கிடைக்காதா? அவ்வளவு போதும். எங்கள் வகுப்பில் ஒரு பெண், தொப்பி தண்ணீரில்தான் விழும் என்று சொல்லி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பாதை எங்கே வளைகிறது என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். நாம் 'காற்றை எப்படி வரைந்திருக்கிறார் பார்' என்று சொல்லிக்கொடுக்க நினைத்ததை அவளே கண்டுபிடித்துவிட்டாள். காற்றுக்கு உருவம் கிடையாது. மரம், துணி, தொப்பி மூன்றையும் வைத்து அதைக் காட்டியிருக்கிறார்.

உங்கள் மகள் 'மலையும் மரமும்' என்று சொன்னதற்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. ஹிரோஷிகேவின் நிலக்காட்சியில் பெரும்பாலும் யாரோ ஒருவர் எங்கேயோ போய்க்கொண்டிருப்பார். மழைக்கு ஒதுங்க ஓடுவார், சுமை தூக்குவார், செருப்பு வாங்குவார், குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பார். ஆள் சின்னதாக இருப்பார், அதனால் நாம் தவறவிடுகிறோம். குழந்தைகள் தவறவிட மாட்டார்கள், தேடச் சொன்னால் போதும். முதலில் ஆளைக் கண்டுபிடி, அவர் எங்கே போகிறார் சொல், அவருக்குக் குளிர்கிறதா, வேர்க்கிறதா? இந்த வழியாகப் போனால் மலையும் வானமும் தாமாகவே கண்ணுக்கு வந்துவிடும். அந்த ஆளின் மேல் பெய்கிற மழைதானே படம்!

மழை என்றதும் ஷோனோ. என் மனதுக்கு இந்த 55-லும் மிக நெருக்கமான படம் அது. மலைச்சரிவில் திடீரென்று மழை கொட்டுகிறது. பல்லக்கைப் பாய் போட்டு மூடிக்கொண்டு தூக்குகிறவர்கள் மேட்டில் திணறி ஏறுகிறார்கள். எதிர்ப்பக்கம் ஒருவர் குடையைப் பாதி விரித்தபடி பள்ளத்தில் இறங்கி ஓடுகிறார். பின்னால் மூங்கில் தோப்பு மூன்று சாம்பல் அடுக்குகளாக, ஒன்றை விட ஒன்று மங்கிக்கொண்டே போகிறது, காற்றில் அத்தனையும் தலைசாய்த்திருக்கிறது. அந்தக் குடையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஐம்பத்து மூன்று தங்கல்கள்' என்ற வரிசையின் பெயரும், பதிப்பாளர் தாக்கெனோஉச்சியின் பெயரும் அதில் எழுதியிருக்கும். கொட்டுகிற மழைக்கு நடுவில் விளம்பரம்! ஜப்பானியப் பள்ளியில் 'கான்ஜி' என்ற சீன வழி எழுத்து கற்கிற மகளுக்கு அதில் உள்ள எண்களைப் படிக்க முடியும். 190 வருடத்துக்கு முந்தைய தாளில் தனக்குத் தெரிந்த எழுத்தைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தை நீங்களே பாருங்கள்.

இந்தப் படத்தின் தலைப்பில் உள்ள சொல் 'ஹாக்கூ', நேர்பொருள் வெள்ளை மழை. சட்டென்று வந்து அடித்துவிட்டுப் போகிற மழைக்குச் சொல்வார்கள். சாயங்காலத்தில் இடியோடு வருவது 'யூதாச்சி'. நம்மிடம் தூறல், சாரல், அடைமழை, ஆலங்கட்டி மழை என்று எத்தனை இருக்கிறது! வீட்டில் ஒரு தாளை ஒட்டி, தமிழில் தெரிந்த மழைப் பெயர்களை ஒரு பக்கமும், ஜப்பானிய மொழியில் பள்ளியில் கேட்டவற்றை மறுபக்கமும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு மொழிக்கு நடுவில் வளர்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய சொத்து. அப்புறம் ஹிரோஷிகேவின் மழைப்படம் ஒவ்வொன்றாகக் காட்டி, இது எந்த மழை என்று கேட்கலாம்.

பனிக்கு கன்பாரா. இரவு, ஊரே வெள்ளை, மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறார்கள், சத்தமே இல்லாத படம். கன்பாரா கடலோரத்து இதமான ஊர், அங்கே இப்படிப் பனி கொட்டுவது அபூர்வம். பார்த்ததை அப்படியே வரைந்தாரா, மனதில் தோன்றிய பனியை அந்த ஊர் மேல் பெய்யவிட்டாரா என்று பெரியவர்களே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 9 வயதுக்கு இந்தக் கேள்வி சரியாக இருக்கும்: ஓவியர் பொய் சொல்லலாமா?

இத்தனை படம் பார்த்த பிறகு பிள்ளைகளே கேட்பார்கள், இவர் யார் என்று. அப்போது சொல்லுங்கள், தீயணைப்புக்காரர் என்று. உண்மையிலேயே அவர் அதுதான். 1797-இல் எடோவில், கோட்டைக்குப் பக்கத்திலிருந்த தீயணைப்புப் படைக் குடியிருப்பில் பிறந்தார். அப்பாவுக்குத் தீயணைப்பு அதிகாரி வேலை, பரம்பரையாக வருவது. நகரம் முழுக்க மரவீடுகள், அடிக்கடி தீப்பிடிக்கும். 'தீயும் சண்டையும் எடோவின் பூக்கள்' என்று ஜப்பானியப் பழமொழியே உண்டு. 1809-இல் அம்மா, அப்பா இருவரும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் தலையில் அப்பாவின் வேலை விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே படம் கற்கப் போனான். முதலில் போன பிரபல ஓவியர் தோயோகுனியிடம் இடமில்லை, உதாகவா தோயோஹிரோ சேர்த்துக்கொண்டார். குருவின் பெயரிலிருந்து 'ஹிரோ'வை எடுத்துத்தான் ஹிரோஷிகே என்ற பெயர் அமைந்தது. முப்பது வயது தாண்டும் வரை பெரிய பெயர் ஒன்றும் இல்லை. இவ்வளவு போதும். பெற்றோர் இறந்ததை மறைக்க வேண்டாம், நீட்டவும் வேண்டாம். என் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அந்த இடத்தில்தான் அமைதியாகிவிடுவார்கள். பிறகு 'அப்படியென்றால் தீயை வரைந்தாரா?' என்று யாராவது கேட்பார்கள். அவர் பெயர் வாங்கியது மழையிலும் பனியிலும். இதற்கு விளக்கம் சொல்லாமல் அவர்களிடமே விட்டுவிடுவேன்.

டோக்கியோவில் வளரும் குழந்தைகளுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. 1856-இலிருந்து 1858 வரை அவர் 'எடோவின் நூறு புகழ்பெற்ற இடங்கள்' என்ற வரிசையை வரைந்தார். பெயர்தான் நூறு, படங்கள் அதற்கு மேல். அத்தனையும் உங்கள் பிள்ளைகள் ரயிலில் கடந்துபோகிற ஊர்கள். முதலில் ஹனேதா. விமானத்தில் வந்து இறங்கிய அதே ஹனேதாதான். அங்கே அப்போது ஒரு படகுத்துறை. படகுக்காரரின் ரோமம் நிறைந்த கால்களும் கைகளும் மட்டும் பிரம்மாண்டமாகத் தெரியும், அந்தக் கால்களுக்கு இடையில்தான் ஆறும் கோயிலும். அடுத்து ஷின்ஜுக்கு. குதிரையின் பின்பக்கம்தான் படத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, தரையில் சாணம் கிடக்கிறது. உங்கள் மகன் சிரித்துப் புரளுவான், புரளட்டும். சிரித்து முடித்ததும் குதிரையின் காலைக் காட்டுங்கள், வைக்கோல் செருப்பு போட்டிருக்கும். அப்புறம் வானத்தில் கழுகு ஒன்று சிறகு விரித்துக் கீழே பனி மூடிய வெளியைப் பார்க்கிற படம். சுய்தோபாஷியில் கம்பத்தில் பறக்கும் ராட்சதக் கெண்டை மீன் கொடி. அது மே மாதத்தில் இப்போதும் பறக்கிறதே!

பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக முன்னால் வைத்து, அதன் இடுக்கு வழியாகத் தூரத்தைப் பார்க்க வைப்பது இந்த வரிசையில் அவர் கையாண்ட உத்தி. இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போகும்போது கையில் ஃபோனைக் கொடுத்து, சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே, பையின் காதுக்கு உள்ளே வைத்துத் தெருவைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். உஎனோ பூங்காவில் ஒரு பைன் மரத்தின் கிளை வட்டமாக வளைந்திருக்கும், 'நிலாப் பைன்' என்று பெயர். ஹிரோஷிகே வரைந்த மரம் என்றோ போய்விட்டது. கியோமிஸு கன்னோன் என்ற பௌத்தக் கோயில் முன்னால் அதே மாதிரி ஒன்றை 2012-இல் மறுபடி வைத்திருக்கிறார்கள். குழந்தை அந்த வளையத்துக்குள் எட்டிப் பார்க்கலாம்.

ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பூனைப் படத்தை எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்கும். வெளியே அசாகுசா வயல், தூரத்தில் ஃபுஜி மலை, திருவிழாவுக்குப் போகிற கூட்டம் எறும்பு வரிசை மாதிரி. அந்த அறை யோஷிவாராவில், அதாவது எடோவின் கணிகையர் குடியிருப்பில் உள்ளது. நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், புத்தக விளக்கத்தில் வரும். ஆறு வயதுக்குப் பூனையே போதும்.

இந்த வரிசையில் உள்ள மழைப்படத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஷின்-ஓஹாஷி பாலத்தின் மேல் யூதாச்சி. மரப்பாலத்தில் மக்கள் குடையோடும், பாயைத் தலைக்கு மேல் பிடித்தபடியும் குனிந்து ஓடுகிறார்கள். சுமிதா ஆற்றில் ஒருவர் மரக்கட்டைத் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு தனியாகப் போகிறார். மேலே கருமேகம், அங்கிருந்து கீழே வரை மெல்லிய கறுப்புக் கோடுகள். உற்றுப் பாருங்கள், கோடுகள் எல்லாம் ஒரே சாய்வில் இல்லை. இரண்டு சாய்வுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. மழை அசைவதுபோல் தோன்றுவது அதனால்தான். மொரிஷிதா ஸ்டேஷனிலிருந்து சில நிமிட நடையில் இன்றைய ஷின்-ஓஹாஷி வந்துவிடும், இப்போது அது கம்பிவடங்கள் தாங்கி நிற்கும் பாலம். மழைநாளில் ரெயின்கோட் போட்டுக் கூட்டிப் போங்கள், மின்னல் இருந்தால் மட்டும் வேண்டாம். படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் கொடுங்கள். பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு, மழை கோடாகத் தெரிகிறதா, புள்ளியாகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் வான்கோ 1887-இல் பாரிஸில் இதே படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டியதைக் காட்டலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் வித்தியாசங்களைத் தாங்களே அடுக்குவார்கள். வான்கோ சுற்றிலும் ஒரு சட்டம் போட்டு ஜப்பானிய எழுத்துகளை நிரப்பியிருக்கிறார், அவருக்கு அந்த மொழி தெரியாமலே.

அடுத்தது கையால் செய்வது. இதைத் தவறவிடாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் மீனும் இறைச்சியும் வருகிற நுரைத் தட்டைக் கழுவிக் காயவைத்து, ஓரங்களை வெட்டி, தட்டையான அடிப்பகுதியை மட்டும் எடுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு பாலமும் மழையும் வரையச் சொல்லுங்கள். போஸ்டர் கலரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் தட்டில் திட்டுத்திட்டாகாமல் பரவும். ஸ்பாஞ்சால் பூசி, எழுத்துப் பயிற்சிக்கு விற்கும் மெல்லிய ஹன்ஷித் தாளை லேசாக ஈரமாக்கி மேலே வைத்து உள்ளங்கையால் தேய்த்து எடுங்கள்.

முதல் தாள் வந்ததும் பிள்ளை ஏமாந்துபோகும். மழை வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும். அழுத்திய இடத்தில் சாயம் ஒட்டாதே! ஹிரோஷிகேவின் மழை கறுப்பு. அப்படியென்றால் கட்டையில் என்ன செய்திருப்பார்கள்? இந்தக் கேள்வியோடு கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். கோட்டைச் செதுக்கவில்லை, கோட்டைச் சுற்றியுள்ள மரம் அத்தனையையும் செதுக்கி எடுத்துவிட்டு, ஒவ்வொரு மழைக்கோட்டையும் மயிரிழை அகலத்தில் ஒரு சுவர்போல் நிற்கவிட்டிருக்கிறார்கள். கைதவறினால் ஒரு கோடு போச்சு. மலைச்செர்ரி மரத்தின் கெட்டியான பலகையில் இதைச் செய்தவர் ஹிரோஷிகே இல்லை, செதுக்குத் தொழிலாளி. அச்சடித்தவர் இன்னொருவர். பணம் போட்டவர் பதிப்பாளர். ஹிரோஷிகே வரைந்து கொடுத்தார். இத்தனை பேர் சேர்ந்துதான் ஒரு மழை. கையில் சாயத்தோடு இருக்கும்போது சொன்னால் இது மனதில் நிற்கும்.

வானத்தின் மேல்புறம் அடர்ந்து கீழே வரவர மங்குகிறதே, அதற்குப் பெயர் 'போகாஷி'. கட்டையை ஈரமாக்கி, ஒரு ஓரத்தில் மட்டும் சாயம் விட்டு பிரஷ்ஷால் இழுத்துவிடுவார்கள், ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக. நுரைத் தட்டிலும் ஈர ஸ்பாஞ்சால் இதைச் செய்யலாம். நீலத்தில் செய்துபாருங்கள். ஹிரோஷிகேவின் வானத்திலும் தண்ணீரிலும் தெரிகிற ஆழ்ந்த நீலம் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கைச் சாயம், கப்பலில் வந்தது. ஜப்பானில் அதற்குப் 'பெரோ' என்றே பெயர்.

அதே காலத்து இன்னொரு பெரிய ஓவியரான ஹொகுசாயிடமிருந்து தொடங்கியிருக்கலாமே என்று தோன்றலாம். அவருடைய பேரலைப் படம் 2024 ஜூலையில் வந்த புது ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கமே இருக்கிறது, பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டுங்கள். ஆனால் அந்த அலையைப் பிள்ளைகள் பையிலும் டீ-ஷர்ட்டிலும் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள், 'தெரியும்' என்று கடந்துவிடுகிறார்கள். ஹிரோஷிகேவோடு ஆளைத் தேடப் பழகிய பிறகு அந்த அலைக்கு வந்தால், படகுகளில் பற்றிக்கொண்டு குனிந்திருக்கும் மனிதர்களை முதல் தடவையாகப் பார்ப்பார்கள். ஆகவே வரிசை இப்படி இருப்பதே நல்லது என்பது என் அனுபவம்.

இப்போது மியூசியம். ஹராஜுக்குவில் உள்ள ஓதா நினைவு மியூசியம் இந்த வகை அச்சுப்படங்களுக்காகவே நடப்பது, சின்ன இடம், குழந்தைகளுக்கு ஏற்ற அளவு. காட்சிகளை அடிக்கடி மாற்றுவதால் இடையில் மூடியிருக்கும், நாள் பார்த்துப் போங்கள். போகும் முன் வீட்டில் பழகிய ஒரு படம் அங்கே மாட்டியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு வந்தாலும் சரி. காகிதத்தில் பதிந்த அழுத்தமும், நகலில் வராத நீலமும் அசலில் தெரியும். மகனைத் தூக்கிக் காட்டுங்கள்.

மனமிருந்தால் ஷிஸுஓகாவில் யூய் வரை ஒரு நாள் போய்வாருங்கள். அங்கே தோக்காய்தோ ஹிரோஷிகே மியூசியம் இருக்கிறது, குழந்தைகள் வண்ணம் வண்ணமாகத் தாமே அச்சடித்துப் பார்க்கலாம். அங்கிருந்து சத்தா கணவாய்க்கு நடந்தால், தோக்காய்தோ வரிசையின் யூய் படத்தில் உள்ள அதே மலைச்சரிவும் கடலும் ஃபுஜியும் அப்படியே எதிரில் நிற்கும். கீழே இப்போது ரயிலும் எக்ஸ்பிரஸ் சாலையும் சேர்ந்து ஓடுகின்றன. படத்தில் இடது மேல்கோடியில் குன்றின் விளிம்பிலிருந்து வழிப்போக்கர்கள் எட்டிப் பார்ப்பார்கள், பொடியாக. அவர்கள் நின்ற இடம் எதுவாக இருக்கும் என்று உங்கள் மகளையே தேடச் சொல்லுங்கள். குளிர்கால மாதங்களில் காலையிலேயே போனால் ஃபுஜி தெரிய வாய்ப்பு அதிகம். வழி முழுக்க மிக்கான் ஆரஞ்சுத் தோட்டங்கள், ஆளில்லாத சின்னக் கடைகளில் பையில் போட்டு வைத்திருப்பார்கள், காசைப் பெட்டியில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சில்லறை கொண்டுபோங்கள்.